எச்சரிக்கை: யூஎஸ்பி கன்ட்ரோலரை சவுண்ட் மாட்யூலில் சேர்க்க இந்த மூன்று சாமான்களை வாங்காதீர்கள்

மெல்லிசைக் குழு, சர்ச் கொயர் என்று மேடையில் கீபோர்டு வாசிப்பவர்கள் கவனத்துக்கு. லேப்டாப் இல்லாமல் இரண்டு கன்ட்ரோலரை (தானே சத்தம் தராமல் வாசிப்பைத் தகவலாக அனுப்பும் கீபோர்டு) ஒரே சவுண்ட் மாட்யூலில் (அந்தத் தகவலைச் சத்தமாக்கும் பெட்டி) சேர்க்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கடையில் கேட்டோம். ஒன்றில் யூஎஸ்பி மட்டும். மற்றதில் ஐந்து பின் மிடி அவுட் உண்டு (மிடி என்பது இசைக் கருவிகள் தகவல் பரிமாறும் முறை). கட்டிக்கொடுத்தது: ஒரு யூஎஸ்பி-மிடி கேபிள், தனி அடாப்டரோடு ஒரு யூஎஸ்பி ஹப், ஒரு ஒய் வடிவ மிடி கேபிள். மூன்றுமே இந்த வேலைக்கு ஆகாது. திருப்பிக் கொண்டுபோனால், "பிரிச்ச பாக்கெட்டை எடுக்க மாட்டோம் சார், பில்லுலயே போட்டிருக்கு" என்று கையை விரித்துவிட்டார்கள்.

முதலில் அந்த ஹப் விஷயம். கன்ட்ரோலரின் யூஎஸ்பி வயரையும் யூஎஸ்பி-மிடி கேபிளையும் ஹப்பில் செருகி, அடாப்டரைப் போட்டதும் கன்ட்ரோலரில் எல்லா விளக்கும் எரியும். கேபிளின் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டியிலும் சிவப்பு விளக்கு எரியும். "பாருங்க, கனெக்ட் ஆயிடுச்சு" என்பார்கள். நம்பாதீர்கள். 5 வோல்ட் கரன்ட் வருகிறது என்பதற்கு மேல் அந்த விளக்குக்கு அர்த்தமே இல்லை. யூஎஸ்பியில் ஒரு பக்கம் ஹோஸ்ட், அதாவது கம்ப்யூட்டர்போலக் கேட்டு வாங்கும் கருவி, இருந்தே ஆக வேண்டும். அது கேட்டால்தான் மறுபக்கம் இருக்கும் கருவி தகவல் கொடுக்கும். தானாக எதையும் அனுப்பாது. கன்ட்ரோலர், யூஎஸ்பி-மிடி கேபிள் இரண்டுமே கேட்டால் பதில் சொல்லும் ரகம். ஹப் வெறும் கிளை. கேட்பதற்கு ஆளே இல்லாத இடத்தில் ஒரு நோட்டுகூட நகராது. அந்தக் கேபிள் கம்ப்யூட்டருக்கென்றே செய்தது.

மாட்யூலின் பின்னால் சதுரமான யூஎஸ்பி ஓட்டை இருந்தால் அதுவும் கம்ப்யூட்டருக்குத்தான். தட்டையான ஓட்டை இருந்தால் பெரும்பாலும் பென்டிரைவுக்கு மட்டும். கன்ட்ரோலரை ஏற்கும் என்று மேனுவலில் எழுதியிருந்தால் ஒழிய நம்ப வேண்டாம்.

உண்மையில் தேவைப்படுவது 'யூஎஸ்பி மிடி ஹோஸ்ட்' என்ற தனிப் பெட்டி. கென்டன் போன்றவர்கள் செய்கிறார்கள். அதில் கன்ட்ரோலரைச் செருகத் தட்டையான யூஎஸ்பி ஓட்டை, மாட்யூலுக்குப் போக ஐந்து பின் அவுட், தனி பவர் எல்லாம் இருக்கும். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். கன்ட்ரோலர் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' ஆக, அதாவது டிரைவர் போடாமலே வேலை செய்வதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸ்ட் பெட்டி அதை அடையாளம் காணாது. அடுத்து கரன்ட். பேட் (தட்டி வாசிக்கும் கட்டைகள்) விளக்குகள் நிறைய உள்ள கன்ட்ரோலர் யூஎஸ்பி 2.0-வின் 500 மில்லி ஆம்பியரை நெருங்கிவிடும். அடாப்டர் போதவில்லை என்றால் பாட்டின் நடுவே கன்ட்ரோலர் அணைந்து திரும்ப உயிர் பெறும். உங்கள் கன்ட்ரோலரிலேயே ஐந்து பின் அவுட் இருந்தால் இந்தப் பெட்டி எதுவும் வேண்டாம். 5 வோல்ட் அடாப்டரில் பவர் கொடுத்து, மிடி கேபிளை மாட்யூலின் மிடி இன்-னில் செருகினால் போதும்.

ஒய் கேபிள்தான் மூன்றிலும் மோசமானது, ஏனென்றால் அது கடையில் வேலை செய்வதுபோலக் காட்டும். ஒவ்வொரு கீபோர்டாக வாசித்துப் பார்த்தால் பல நேரம் சத்தம் வரும். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் வண்டவாளம் தெரியும். மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு நோட் ஆன் (கட்டையை அழுத்தியதைச் சொல்லும் செய்தி) 3 பைட், சுமார் 1 மில்லி விநாடி. இரண்டு அவுட்டை நேராக ஒட்டவைத்தால் ஒன்றின் பைட்டுக்குள் மற்றதன் பிட் புகுந்து கலையும். கலைந்தது நோட் ஆஃப் (கட்டையை விட்டதைச் சொல்லும் செய்தி) என்றால் அந்தச் சுரம் நிற்காமல் இரைந்துகொண்டே இருக்கும், பாடுகிறவர் சரணத்தில் இருக்கும்போது! இதற்கு வேண்டியது மெர்ஜ் பாக்ஸ்: இரண்டு இன், ஒரு அவுட், உள்ளே செய்திகளை வரிசைப்படுத்தி அனுப்பும் சிப். த்ரூ பாக்ஸைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஒரு இன், பல அவுட், நேர் எதிர் வேலை.

சோதிப்பது எளிது. கன்ட்ரோலர் இரண்டையும் மாட்யூலையும் கடைக்கே எடுத்துப் போங்கள். ஒன்றில் பெடலை மிதித்து இரண்டு கையாலும் கார்டு மாற்றி மாற்றிப் பிடிக்க, மற்றதில் மாட் வீலை (சத்தத்தை அதிரவைக்கும் சக்கரம்) விடாமல் ஏற்றி இறக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஒரு நோட்டும் தொங்காவிட்டால் சரி. இரண்டும் ஒரே சத்தம் கொடுத்தால் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டும் ஒரே மிடி வழியில், சேனல் 1-இல் இருக்கும். கீழ் கீபோர்டை 2-க்கு மாற்றி, மாட்யூலை ஒவ்வொரு சேனலுக்கும் தனிச் சத்தம் தரும் மல்டி அல்லது பெர்ஃபார்மன்ஸ் மோடில் வையுங்கள்.

மலிவு மிடி கேபிளையும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரு முனையிலும் பின் 2-க்கு 2, 4-க்கு 4, 5-க்கு 5 பீப் வர வேண்டும். 4-ம் 5-ம் மாறியிருந்தால் மாட்யூலுக்குள் எதுவும் போகாது. 3.5 மி.மீ. ஜாக் உள்ள கன்ட்ரோலருக்கும் இதே தொல்லைதான். டைப் ஏ, டைப் பி என்று இரண்டு வயரிங் உண்டு. 2018-இல் ஏ தான் தரம் என்று முடிவானது. ஆனாலும் பி அடாப்டர்கள் கடைகளில் கிடக்கின்றன.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிட வேண்டாம். பொருளின் பயன்பாடு பற்றிப் பொய் சொல்லி விற்பதும், குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வாய்ப்பேச்சு அங்கே நிற்காது என்பதால், பில் போடும்போதே உங்கள் கன்ட்ரோலர், மாட்யூல் இரண்டின் மாடல் பெயரையும் எழுதி, "கம்ப்யூட்டர் இல்லாமல் இவற்றை இணைக்க" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.