பெங்களூரு அல்சூரில் ஒரு சைனஸ் ஸ்கேன்: 5க்கு 3

மூன்று மாதமாக மூக்கடைப்பு, குனிந்தால் கன்னம் விண் விண்ணென்று தெறிக்கும். டாக்டர் எழுதியது சி.டி. ஸ்கேன், ஆனால் பெயர் சொல்ல விரும்பாத இந்த சென்டரின் ரிசப்ஷனில் "எக்ஸ்ரேயே போதும் சார்" என்றார்கள். போதாது. எக்ஸ்ரேயில் கன்னத்து சைனஸில் (எலும்புக்குள் இருக்கும் காற்றறை) நீர் கோத்திருப்பது ஓரளவு தெரியும், கண்களுக்கு நடுவே தேன்கூடு மாதிரி இருக்கும் எத்மாய்டு அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பிவிடும். அடம்பிடித்து சி.டி.யே எடுத்தேன். ஊசி மருந்து இல்லை, உள்ளே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னால் போன அம்மாவின் மூக்குத்தித் திருகைக் கழற்றத்தான் கால் மணி நேரம் (உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழுமாம்). டெக்னீஷியன் தங்கமான மனுஷன், தமிழிலேயே பேசினார். ரிப்போர்ட்டைத்தான் மறுநாள் சாயங்காலம் வரை இழுத்தடித்தார்கள். அப்புறம், ஃபிலிமோடு டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள், தானாகத் தர மாட்டார்கள்.