தலை அரிப்புக்கென்று ஹட்டனில் விற்கிற மாஸ்க்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஹட்டன், தலவாக்கலை பக்கம் பார்லர்களிலும் பேஸ்புக்கிலும் "வறண்ட தலைக்குக் குளிர்ச்சி மாஸ்க்" என்று ஒரு டப்பா இப்போது நன்றாக ஓடுகிறது. வெள்ளை டப்பா, பச்சை மூடி, மேலே தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். அதைப் போட்டு என் தலைத்தோல் புண்ணாகிப் போனது. காசு போனது ஒரு பக்கம். புண்ணான பிறகும் "விடாமல் போடு" என்று சொன்னார்களே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பதறுகிறது.

மார்கழி, தையில் தலை கடிப்பது நம் பக்கம் புதிதல்ல. காற்று வறண்டு போய், விடியக்காலையில் நுவரெலியா, அம்பேவலைப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கிற காலம். பச்சைத் தண்ணீரில் தலை முழுக யாருக்கு மனசு வரும்? அடுப்பில் கொதிக்க வைத்துத்தான் ஊற்றுகிறோம். சூடு கூடக் கூடத் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை கழுவிப் போய், இன்னும் கடிக்கும். எனக்கும் கொஞ்ச நாளாகவே ராத்திரியில் தூங்க முடியாத அரிப்பு.

பார்லர் அக்கா சீப்பால் வகிடெடுத்து ஒரு பார்வை பார்த்தார். "வறட்சிதான் தங்கச்சி. இத கிழமைக்கு ஒருக்கா போடுங்க. கற்றாழை, டீ ட்ரீ எண்ணெய், எல்லாம் நேச்சுரல். நம்ம தேயிலையில இருந்து எடுக்கிறது" என்றார். விலை 2,600 ரூபாய். கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணுக்கு ஒரு முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழு வேலைக்கு, கிடைக்கிற சம்பளத்தை விட அதிகம். அங்கேயே இரண்டு தோட்டத்து அக்காமார் தவணைக்கு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

டீ ட்ரீ எண்ணெய்க்கும் நம் தேயிலைச் செடிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அது அவுஸ்திரேலியாவில் வளர்கிற வேறொரு மரத்தின் இலையிலிருந்து வடிப்பது. நம் மக்கள் நம்பட்டும் என்றுதான் "நம்ம தேயிலை" என்கிறார்கள்.

முதல் தடவை போட்டபோது குளுகுளுவென்று இருந்தது. மெந்தோல் என்கிற குளிர்ச்சிப் பொருளைச் சேர்த்தால் எந்தக் கிரீமும் அப்படித்தான் இருக்கும். குளிர்ந்த மாதிரி ஓர் உணர்வு வரும், தோல் ஆறாது. அடுத்த கிழமை போட்டதற்கு மறுநாள் காது மடல் சிவந்தது. அப்புறம் கழுத்து. அதற்கும் மறுநாள் காலையில் கண் இமை இரண்டும் வீங்கி, தலையிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து, முடி தலையணை உறையோடு ஒட்டிக்கிடந்தது. அம்மா வெதுவெதுப்பான தண்ணீரை நனைத்து நனைத்துத்தான் பிரித்தெடுத்தார்.

போன் பண்ணினேன். அந்த அக்கா கொஞ்சமும் பதறவில்லை. "அழுக்கு வெளியேறுது தங்கச்சி. எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். நிப்பாட்டிடாதீங்க, இன்னும் ரெண்டு கிழமை போடுங்க, எல்லாம் சரியாயிடும்."

இந்தப் பேச்சை நம்பாதீர்கள். எரிச்சல், வீக்கம், நீர் கசிவு என்றால் தோல் அந்தப் பொருளை ஏற்றுக்கொள்ளவில்லை. தோல் வழியாக வெளியே வருகிற அழுக்கு என்று ஒன்று கிடையாது. உடனே நிறைய வெதுவெதுத் தண்ணீர் விட்டுக் கழுவி, திரும்பத் தொடாமல் விட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் இமையையும் காதையும் பார்த்தவுடனேயே தலையில் என்ன போட்டாய் என்று கேட்டார். தலைத்தோல் தடிப்பானது, அதில் போட்ட பொருள் ஒத்துக்கொள்ளாவிட்டால் மெல்லிய தோல் உள்ள இமை, காது, கழுத்தில்தான் முதலில் காட்டுமாம். ஒவ்வாமை முதல் தடவையே வரும் என்றும் இல்லை. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொண்ட பிறகு, அடுத்தடுத்த தடவைகளில்தான் கிளம்பும். "டப்பாவில என்னென்ன சேர்த்திருக்கு?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோல் கிளினிக்கில் சோதித்துப் பார்க்கக்கூட, உள்ளே இருப்பது என்னவென்று தெரிய வேண்டுமே.

இன்னொன்றும் சொன்னார். எனக்கு முதலில் இருந்ததே வறட்சி இல்லை, பொடுகு. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்கிற நுண்பூஞ்சை தோலின் எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது. அதன் மேல் எண்ணெய் மாஸ்க்கை அப்பினால் அதற்குத் தீனி போட்ட கணக்குத்தான். புண் ஆறிய பிறகு பூஞ்சையை அடக்குகிற கீட்டோகொனசோல் ஷாம்பு எழுதிக் கொடுத்தார்; தேய்த்துச் சில நிமிடம் வைத்துக் கழுவ வேண்டும். அரிப்பு அதில்தான் அடங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இதைப் பார்க்கக் காசு வாங்குவதில்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் தங்க ஸ்டிக்கரைக் கேத்தல் ஆவியில் காட்டி நகத்தால் உரித்தேன். கீழே இன்னொரு லேபல். பாதி கிழிந்து போனாலும் காலாவதித் திகதி மட்டும் தெளிவாக இருந்தது. போன வருஷமே முடிந்துவிட்டது. டீ ட்ரீ எண்ணெய் பழசாகிக் காற்றுப் பட்டுக் கெட்டுப்போனால் ஒவ்வாமையைக் கிளப்புகிற தன்மை அதில் கூடும். அப்படிப்பட்டதைத்தான் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து, தோட்டத்துப் பெண்களுக்குத் தவணையில் விற்கிறார்கள். தலையில் கயிறு போட்டுக் கொழுந்துக்கூடை சுமக்கிற ஒருத்தியின் தலைத்தோல் இப்படிப் புண்ணானால் அவள் எப்படி மலை ஏறுவாள்? எங்கள் அம்மாவும் அந்த மாஸ்க்கைப் போடுவதற்கு இருந்தவர்தான்.

டப்பாவோடு திரும்பப் போனேன். திறந்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். ஸ்டிக்கருக்குக் கீழே இருந்ததைக் காட்டியதும் பேச்சு நின்றது. அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் என்னை பிளொக் பண்ணிவிட்டார்கள்.

காலாவதியானதை விற்பதும், லேபலை மாற்றுவதும் மறைப்பதும் சட்டப்படி குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இதை விசாரிக்கலாம். நான் அவர்களுடைய 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

தலைக்கு எதை வாங்கினாலும் சேர்மானம், தயாரிப்பாளர் பெயர், திகதி மூன்றும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஸ்டிக்கரின் மேல் ஸ்டிக்கர் இருந்தால் தொடவே வேண்டாம். நல்ல சாமான் என்றாலும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி இரண்டு நாளாவது பொறுத்துப் பாருங்கள்.

பச்சை மூடி டப்பா உங்கள் வீட்டிலும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் மெசேஜ், புண் வந்திருந்தால் அதன் படம், எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1977க்கு அழையுங்கள். தோட்டத்தில் போன் பேசத் தயங்குகிற அக்காமார் இருந்தால், அவர்களுக்காக நீங்கள் பேசுங்கள்.