எனக்கப்புறம் மணிக்கு யார்? உயில், மகன், காப்பகம், கீழ்வீடு

மேற்கு மாம்பலம் வீட்டில் நானும் மணியும்தான். தெருவில் கிடைத்த நாட்டு நாய், வயது 5. எனக்கு 68. வீட்டில் வளரும் நாட்டு நாய் 13, 14 வருஷம் சாதாரணமாக இருக்கும். நான் இருப்பேனா? அதனால் இருக்கிற வழிகளை எல்லாம் ஒரே கேள்வியை வைத்து அலசினேன்: நான் போன அன்று ராத்திரி அவனுக்குச் சோறு வைப்பது யார்?

எல்லோரும் முதலில் சொல்வது உயில். நம் சட்டத்தில் நாயே ஓர் அசையும் சொத்து. சொத்தின் பெயருக்குச் சொத்து எழுத முடியாது. 1882ஆம் வருஷத்து டிரஸ்ட் சட்டத்திலும் பயனாளி சொத்து வைத்துக்கொள்ளத் தகுந்தவராக இருக்க வேண்டும். ஆக, மணியையும் அவன் செலவுக்கான பணத்தையும் ஒரு மனிதர் பெயரில்தான் எழுத வேண்டும். 2024இல் காலமான ரத்தன் டாடா தன் நாய் டிட்டோவுக்கு உயிலில் வழி செய்திருந்ததாகச் செய்தி வந்ததே, அங்கேயும் பொறுப்பு மனிதரிடம்தான். எழுதுவது சுலபம்: முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் முன்னால் நாம் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டால் போதும். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடியாமல் நம் வீடுகளில் பீரோவை யார் திறக்கிறார்கள்?

நியூஜெர்சியில் இருக்கும் மகன், "நான் கூட்டிட்டு வந்துடறேன்பா" என்கிறான். நல்ல பிள்ளை. ஆனால் 2024 ஆகஸ்டிலிருந்து அமெரிக்கா போகும் நாய்க்கு மைக்ரோசிப் வேண்டும். வெறிநோய் அபாயம் அதிகமுள்ள நாடுகள் பட்டியலில் இந்தியாவும் இருப்பதால் தடுப்பூசிக் காகிதங்கள் வேறு. அதுவரை எங்கே இருப்பான்?

காப்பகம் கடைசி வழி. வேளச்சேரி ப்ளூ கிராஸ் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அடிபட்டதும் ஆதரவற்றதுமாக அத்தனை உயிர்கள் நடுவில், கட்டிலுக்கடியில் தூங்கிப் பழகியவனை விட மனசு வரவில்லை.

மிச்சம் கீழ்வீட்டு டீச்சரம்மா. கும்பகோணம் போன நாலு நாளும் மணி அங்கேதான் இருந்தான். முதல் நாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் தட்டை நக்கிவிட்டானாம். என் ஓட்டு இங்கேதான்.

பணத்தில்தான் சிக்கல். நமக்குப் பதிலாகப் பணம் எடுக்க நாம் எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம் நம்மோடு செத்துவிடும். ஏடிஎம் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனால் அவர்தான் மாட்டிக்கொள்வார். எனவே என் பெயரிலும் டீச்சரம்மா பெயரிலும், ஒருவர் போனாலும் மற்றவர் எடுக்கும்படி ஒரு கணக்கு. மாதம் 3,000 ரூபாய் என்று கணக்கிட்டுப் போட்டிருக்கிறேன். வாரிசுச் சண்டை வரக்கூடாதே என்று மகனிடமும் சொல்லிவிட்டேன். உயிலிலும் அதையே நாலு வரி எழுதிவைத்தேன். ஆமாம், உயிலும் வேண்டியிருந்தது, துணைக்கு.

சாவி, தடுப்பூசிப் புத்தகம், மாநகராட்சி உரிமத்தின் நகல் எல்லாம் டீச்சரம்மாவிடம். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே பின்கட்டு ஜன்னலைச் சாத்தவும், வெடிச் சத்தத்துக்கு நடுங்குவான்.