ஏரியா 51 ‘ரகசிய விமான’ முகாம்: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நெவாடாவில் ஏரியா 51 என்கிற அமெரிக்க விமானப்படையின் ரகசியத் தளத்தின் எல்லையோரம் கூடாரம் போட்டு, ராத்திரியில் ரகசிய விமானச் சோதனை பார்க்கலாம் என்று இங்கே அமெரிக்காவில் உள்ள தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. தலைக்கு 340 டாலர். கூடாரம், சாப்பாடு, டெலஸ்கோப் எல்லாம் அடக்கம் என்கிறார்கள். மார்ச் மாதம் சில குடும்பங்கள் சேர்ந்து அந்த விளம்பரம் போட்ட ஆளிடம் பணம் கட்டிப் போனோம். சொன்னதில் பாதிகூட நடக்கவில்லை. அதைவிட மோசம், எங்களை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இன்னொரு குடும்பம் மாட்டக் கூடாது.

‘ஃப்ரீடம் ரிட்ஜில் முகாம்’ என்பதுதான் அவருடைய பெரிய கவர்ச்சி. அது பொய். ஃப்ரீடம் ரிட்ஜ், பக்கத்தில் இருக்கும் ஒயிட் சைட்ஸ் மலை இரண்டிலிருந்தும் ஒரு காலத்தில் குரூம் லேக் தளத்தை, அதாவது ஏரியா 51-ஐ, நேராகப் பார்க்க முடிந்தது. ஜனங்கள் கேமராவோடு ஏற ஆரம்பித்ததும் விமானப்படை அந்த நிலத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டு 1995-ல் மூடிவிட்டது. இன்று சட்டப்படி ஏறிப் பார்க்கக்கூடிய இடம் டிக்கபூ சிகரம் மட்டும்தான். தளத்திலிருந்து சுமார் 26 மைல் தூரம். நல்ல டெலஸ்கோப் இருந்து, வெயில் ஏறுவதற்குள் பார்த்தால் கட்டடங்கள் தெரியும். அப்புறம் கானல் எழும்பிவிடும், ஒன்றும் தெரியாது. இவர் எங்களை அங்கேயும் கூட்டிப்போகவில்லை. டெலஸ்கோப் என்று கொடுத்தது பறவை பார்க்கிற சின்ன பைனாகுலர்.

போய்ச் சேர்ந்த பிறகு ‘அனுமதிக் கட்டணம்’ என்று தலைக்கு 60 டாலர் தனியாகக் கேட்டார். நாங்கள் கூடாரம் போட்டது பி.எல்.எம். என்கிற மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையின் பொது நிலம். அப்படிப்பட்ட திறந்த நிலத்தில் பொதுவாக 14 நாள் வரை யாரும் இலவசமாகத் தங்கலாம். அனுமதி வாங்க வேண்டியவர் அவர்தான், ஏனென்றால் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கூட்டிவருகிறவர்களுக்கு அந்தத் துறையின் தனி உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொன்னோம். லேமினேட் செய்த ஒரு தாளை நீட்டினார். அதில் எண் இல்லை, தேதி இல்லை, யார் கொடுத்தது என்றும் இல்லை. ‘அண்ணே, எல்லாரும் இதைத்தான் பார்ப்பாங்க’ என்றார்.

அன்று சாயந்திரம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. குரூம் லேக் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு மண்பாதையில் வேனை விட்டார். அங்கே எல்லை என்பது பல இடங்களில் வேலிகூட இல்லை. ஆரஞ்சு நிறக் கம்பங்களும், உள்ளே நுழையாதே, படம் எடுக்காதே என்கிற பலகைகளும்தான். எதிரே மேட்டில் ஒரு வெள்ளை பிக்அப் எங்களைப் பார்த்தபடியே நின்றது. பலகை கண்ணெதிரே இருக்கும்போதே இவர் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு மெதுவாக முன்னால் உருட்டினார். ‘போன மாசம்கூட இதைத் தாண்டிப் போனோம், ஒண்ணும் ஆகல’ என்கிறார். பின்சீட்டில் குழந்தைகள். வண்டியில் பாதிப் பேர் எச்-1பி விசாவில் இருப்பவர்கள். 2019 செப்டம்பரில் பக்கத்து அணு ஆயுதச் சோதனைத் தளத்துக்குள் நுழைந்த இரண்டு டச்சு இளைஞர்கள் கைதாகிச் சிறையில் இருந்தார்கள். நண்பனின் மனைவி போட்ட சத்தத்தில்தான் வண்டி நின்றது.

ராத்திரி பத்து மணி வாக்கில் தெற்கே ஆரஞ்சு வெளிச்சங்கள் வரிசையாகத் தோன்றி, மிதந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. ‘பாத்தீங்களா, புது விமானச் சோதனை’ என்றார். எங்களோடு வந்திருந்த நண்பனின் அப்பா சூலூர் விமானப்படைத் தளத்தில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் என் பக்கம் திரும்பி, ‘அது ஃப்ளேர், கண்ணு. சூட்டைத் தேடி வர்ற மிசைலை ஏமாத்த விடுறது’ என்றார். லாஸ் வேகஸ் பக்கத்தில் உள்ள நெல்லிஸ் விமானப்படைத் தளத்தின் ரெட் ஃப்ளாக் போர்ப் பயிற்சி நடக்கும் நாட்களில் அந்த வானத்தில் இது சாதாரணமாகத் தெரிகிற காட்சி.

சோதனை அட்டவணை தன்னிடம் இருக்கிறது என்று அந்த டூர்காரர் சொல்வதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். யு-2 உளவு விமானம் அங்கே பறந்தது 1955-ல். அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி சி.ஐ.ஏ. ஆவணம் வெளியிட்டது 2013-ல். ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-117 விமானம் முதலில் பறந்தது 1981-ல், அப்படி ஒரு விமானம் இருப்பதாக அரசு ஒத்துக்கொண்டது 1988-ல். இவ்வளவு கட்டிக்காக்கிற இடத்தில் என்றைக்கு என்ன பறக்கும் என்று எந்த டூர்காரருக்கும் தெரிய வழியில்லை.

தூங்குகிற பைகூட கோடைக்கானது. மார்ச்சில் அந்தப் பாலைவனம் ராத்திரியில் உறைநிலைக்குப் போய்விடும். குழந்தைகளை வேனுக்குள் படுக்க வைத்து, ஹீட்டரை விட்டுவிட்டுப் போட்டு விடியவைத்தோம்.

மறுநாள் அவரை விட்டுவிட்டு நாங்களே 375-ம் நெடுஞ்சாலையில் கயோட்டி சம்மிட் மேட்டுக்குப் போனோம். பொதுச் சாலை, பைசா செலவில்லை. பயிற்சியில் எதிரியாக நடிக்க ரஷ்ய விமானம் போலச் சாயம் பூசிய எஃப்-16 போர் விமானங்கள் தலைக்கு மேலே சாய்ந்து திரும்பின. சத்தம் நெஞ்சில் இடித்தது. நண்பனின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தவர் மதியம் வரை உட்காரவில்லை. ஆசையாக இருப்பவர்கள் இதைத் தாராளமாகச் செய்யுங்கள், ரெட் ஃப்ளாக் நடக்கும் வாரங்களாகப் பார்த்துப் போங்கள். ஆனால் அந்த நெடுஞ்சாலையில் இருக்கும் ரேச்சல் என்கிற சின்ன ஊரில் பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அலமோவிலோ டோனோபாவிலோ டேங்கை நிரப்பிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 150 மைல் வெறும் பாலைவனம். தண்ணீரும் கையோடு வேண்டும்.

பண விஷயம். கிரெடிட் கார்டில் கட்டியது, வங்கியில் புகார் கொடுத்த பிறகு திரும்பி வந்துவிட்டது. ஸெல் (Zelle) என்கிற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பியவர்களுக்கு இன்னும் ஒரு டாலர்கூட வரவில்லை. அந்த ஆள் பெயரை மாற்றிக்கொண்டு ஜூலைக்கு ஆள் சேர்க்கிறார், முழுப் பணமும் ஸெல்லில்தான் கேட்கிறார். நெவாடா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் வாட்ஸ்அப் உரையாடலையும் ரசீதையும் அழிக்காமல் வைத்திருந்து நீங்களும் அங்கே புகார் கொடுங்கள்.