கேம்பல் லேன் மாடியில் நான்கு சனிக்கிழமைகள்: சேலை விற்கிற எனக்கு ஓர் எழுத்து வகுப்பு

சிங்கப்பூர் ஈசூனில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து ஆறு வருஷமாகச் சேலை விற்கிறேன். கரோசல் என்ற இணைய விற்பனைத் தளமும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான் என் கடை. போன தீபாவளிக்கு முன் மாம்பழ நிறச் சேலை ஒன்று திரும்பி வந்தது. ஜூரோங்கிலிருந்து ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்குக் கட்ட வாங்கியிருந்தார். “பட்டுன்னு நினைச்சுதான் வாங்கினேன் கண்ணு” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். நான் எழுதியிருந்தது “அசத்தலான பட்டு லுக்”. 85 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் சேலையில் குறையில்லை, என் எழுத்தில்தான் குறை என்று தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் இந்த வகுப்பில் சேர்ந்தேன். தேக்கா பக்கம் கேம்பல் லேனில் ஒரு கடைவீட்டு மாடி. இணையத்தில் சிறு வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தமிழில் எழுதக் கற்றுத்தருகிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். நாங்கள் ஆறு பேர்: பொடி, ஊறுகாய் விற்கிற இருவர், மாலை கட்டுகிற அண்ணன் ஒருவர், மற்றவர்கள் துணி, நகை.

முதல் நாள் அவரவர் விளம்பரத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். என்னுடையது: “கண்கவர் வண்ணத்தில், மனம் மயக்கும் வடிவமைப்பில், எந்த விசேஷத்துக்கும் ஏற்ற அசத்தலான சேலை. முந்துங்கள்!” டீச்சர் கேட்டார்: “இது எந்தச் சேலைம்மா?” என்னால் சொல்ல முடியவில்லை. பதினொரு சேலைக்கு அதையே ஒட்டியிருந்தேன்.

பிறகு என் கைப்பேசியைத் திறந்து, வாங்குகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று வாசிக்கச் சொன்னார். ரவிக்கைத் துணி இருக்கா? சாயம் போகுமா? கொசுவம் நிற்குமா, உப்பிக்கொண்டு வருமா? கனமா? வெளிச்சத்தில் என்ன நிறம்? “இதுக்கெல்லாம் பதில் எழுதுங்க. அதுதான் உங்க விளம்பரம்” என்றார். நான்கு வகுப்பில் எனக்கு மிகவும் உதவியது இந்த ஒரு மணி நேரம்தான்.

இரண்டாம் வாரம் ஒரு சேலையை எடுத்துவரச் சொல்லி, அதைக் கையில் பிடித்துக்கொண்டே எழுதவைத்தார். அன்று நான் எழுதியது இப்போதும் கரோசலில் இருக்கிறது: “காரைக்குடிக் கண்டாங்கி, கைத்தறிப் பருத்தி. அரக்கு உடல், மஞ்சள் கட்டம், கறுப்புக் கரை. 5.5 மீட்டர். ரவிக்கைத் துணி கிடையாது. முதல் இரண்டு தடவை சாயம் இறங்கும், தனியாக அலசுங்கள். புதிதில் விறைப்பாக இருக்கும். நாலு துவைப்பு தாண்டினால் உடம்போடு படியும்.” சாயம் இறங்கும் என்று நானே எழுதினால் யார் வாங்குவார்கள் என்று பயந்தேன். வாங்கிய ஒரு தங்கை அப்புறம் செய்தி அனுப்பினாள்: “நீங்க சொன்ன மாதிரியே சாயம் இறங்குச்சுக்கா, இப்ப நின்னுடுச்சு.” புகார் வர வேண்டிய இடத்தில் வந்த செய்தி அது.

கண்டாங்கி என்ற பெயரிலும் டீச்சர் கறாராக இருந்தார். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த வட்டாரப் பொருளுக்கே உரிய பெயர் என்ற அங்கீகாரம், கிடைத்திருக்கிறது. வேறு ஊரில் நெய்ததாக இருந்தால் “செட்டிநாட்டுக் கட்டம் போட்ட பருத்தி” என்றுதான் எழுத வேண்டும் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. நெய்தவர்களுடைய பெயர் அது.

மூன்றாம் வாரம் பட்டு. ‘ஆர்ட் சில்க்’ என்பதில் உள்ள ஆர்ட், கலை இல்லையாம். செயற்கை என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாம். ரேயான் போன்ற செயற்கை நூல். இத்தனை வருஷம் விற்றும் எனக்கு இது தெரியாது. காஞ்சிபுரத்தின் அசல் ஜரிகை, பட்டு நூலில் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது. அது இல்லாத சேலைக்குத் “தங்க நிற ஜரிகை” என்று எழுதுங்கள், “தங்க ஜரிகை” வேண்டாம் என்றார். ‘நிற’ என்ற ஒரு சொல்லில் எவ்வளவு இருக்கிறது! இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வாங்கியவர் சிறு தொகை வழக்குகளுக்கான சிறு கோரிக்கை மன்றம் வரை போகலாம் என்பதையும் சொன்னார். எனக்கு ஜூரோங் அம்மாவின் குரல்தான் ஞாபகம் வந்தது.

கடைசி வகுப்பு சுமார். வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவது எப்படி என்பதை அவசரமாக முடித்துவிட்டார். “விலைக்கு இன்பாக்ஸ் வாங்க” என்பதை விட்டுவிட்டு விலையை நேராகப் போடுங்கள் என்றது மட்டும் உருப்படி. என் வாடிக்கையாளர்களில் பலர் இளையவர்கள், ஆங்கிலத்தில்தான் படிப்பார்கள். இரண்டு மொழியிலும் எழுதுவது பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சிங்கப்பூரில் நடத்துகிற வகுப்பில் இது பெரிய குறை.

ஒரு விஷயத்தில் அவரோடு ஒத்துப்போகவில்லை. ‘பல்லு’ என்று எழுதக் கூடாது, ‘முந்தானை’தான் என்றார். முந்தானை அழகான சொல், நானும் அதையே சொல்லி வளர்ந்தவள். ஆனால் கரோசலில் தேடுகிறவர்கள் பல்லு என்றும் தேடுகிறார்கள். நான் இரண்டையும் போடுகிறேன்.

விற்பனை உடனே கூடிவிடவில்லை. கேள்விகள் குறைந்தன, வகுப்புக்கு அப்புறம் இதுவரை ஒரு சேலையும் திரும்பி வரவில்லை. எனக்கு அது போதும்.

நான்கு வகுப்புக்கும் சேர்த்து 160 வெள்ளி, பேநவ் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பலாம். அரசு தருகிற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையைப் பயன்படுத்த முடியாது. லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஆனால் படிக்கட்டு செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் யோசியுங்கள். இரண்டாம் வாரத்துக்கு அடர்நிறச் சேலையாக எடுத்துப் போங்கள். அறையில் விளக்கு மஞ்சள், வெளிர் நிறம் எதுவும் சரியாகத் தெரியாது. என் அடர்நிறச் சேலையையே நான் தூக்கிக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போய்த்தான் அரக்கா, மெரூனா என்று பார்த்து எழுதினேன்.