ஸ்லாஷருக்கு பி.டி.ஓ. ஷாஃப்ட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் தோப்பில் நடந்தது

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு 6 ஏக்கர் தென்னந்தோப்பு. போன மாதம் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது, டிராக்டருக்கும் அதன் பின்னால் மாட்டிய ஸ்லாஷர் என்ற புல் வெட்டும் கருவிக்கும் நடுவில் சுற்றி எஞ்சின் சக்தியைக் கொண்டுபோகிற பி.டி.ஓ. ஷாஃப்ட் ஓட்டத்திலேயே இரண்டாகக் கழன்றது. டிராக்டரில் மாட்டியிருந்த பாதி பிடிமானம் இல்லாமல் சாட்டை மாதிரி சுழன்றது. கருவியைத் தாங்கும் கீழ் லிங்க்கை அடித்து வளைத்து, பி.டி.ஓ. (டிராக்டரின் பின்னால் சுற்றும் தண்டு) மேல் இருந்த தகரத்தைப் பிய்த்து எறிந்தது. உடைந்த கிராஸின் (ஷாஃப்ட் முனையில் மடங்கிச் சுற்ற உதவும் சிலுவை வடிவ இணைப்பு) ஒரு துண்டு பறந்துபோய்ப் பக்கத்து மரத்தில் பட்டது. அந்தத் தழும்பு என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே இடத்தில் நின்று நான் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஓட்டியது என் மச்சான். சட்டென்று கிளட்சை மிதித்து பி.டி.ஓ.வை அணைத்ததால் அதோடு நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஷாஃப்ட் வாங்கி 11 நாள்தான் ஆகியிருந்தது.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் விடாமல் எழுதுகிறேன். இதே மாதிரி ஷாஃப்டை இதே மாதிரி பேச்சைச் சொல்லி விற்பது அந்த ஒரு கடை மட்டும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் ஸ்லாஷர் ஏன் என்று ஒரு வார்த்தை. தென்னையின் வேரில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள்தான் இருக்கும். மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரை மரத்தடி வரைக்கும் விட்டால் களையோடு வேரும் அறுபடும். ஸ்லாஷர் மண்ணைத் தொடாமல் புல்லை மட்டும் வெட்டி அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடும். 25 அடி இடைவெளியில் டிராக்டர் தாராளமாகத் திரும்பும். ஆறு வருடமாக இப்படித்தான் செய்கிறோம். டிராக்டர் 35 ஹெச்.பி., பழைய வண்டி, ஒற்றைக் கிளட்ச். ஸ்லாஷரோடு கம்பெனியே கொடுத்த ஷாஃப்ட்தான் இத்தனை நாளும் ஓடியது. அதன் கிராஸ் தேய்ந்து, கிராஸைப் பிடிக்கும் கவை மாதிரியான யோக்கும் விரிந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டியிருந்தது.

கடையில் பழைய ஷாஃப்டைக் காட்டினேன். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "என்ன வண்டிங்கண்ணா?" என்றார். சொன்னேன். உள்ளிருந்து பளபளவென்று பெயிண்ட் அடித்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "ஆறு பல்லுங்க. எந்த வண்டிக்கும், எந்த ரொட்டவேட்டருக்கும், ஸ்லாஷருக்கும் உட்காருமுங்க. கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

"நீளம் அதிகமா இருக்குதேங்க?"

"அது நாங்களே வெட்டிக் குடுத்தர்றோமுங்க. உங்க வண்டிக்கு என்ன அளவுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

பையன் ஒருவன் கட்டிங் மெஷினில் இரண்டு குழாயையும் வெட்டினான். மேலே இருந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றி ஓரமாகப் போட்டான். கவர் வேண்டுமே என்று கேட்டேன். "அது ரெண்டு நாள்ல உடைஞ்சிருமுங்க. கிரீஸ் வைக்கத் தொந்தரவு" என்றார்கள். 5,200 ரூபாய். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள். நானும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாட்டிய முதல் நாளே வண்டி அதிர்ந்தது. சீட்டில் உட்கார்ந்தால் தொடை வரைக்கும் நடுக்கம். கடைக்குப் போன் செய்தேன். "புதுசுங்கண்ணா, நாலு நாள் ஓடினா செட் ஆயிரும்" என்றார்கள்.

இரண்டாவதாக ஒன்று நடந்தது. அதை நான் தவறாகப் புரிந்துகொண்டேன். பழைய ஷாஃப்டில், பி.டி.ஓ.வை நிறுத்தியதும் பின்னால் கொஞ்ச நேரம் 'கட கட கட' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். புதியதில் அந்தச் சத்தம் இல்லை. பழசு தேய்ந்ததால்தான் சத்தம், புதுசு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் மரத்தருகே வந்து மச்சான் கிளட்சை மிதித்தால் வண்டி நிற்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுவது மாதிரி இரண்டு அடி, மூன்று அடி முன்னால் போனது. ஒரு மரத்தில் பம்பர் உரசியே விட்டது. பிரேக்கில் ஏதோ கோளாறு என்று பிரேக்கை இறுக்கிக்கொண்டிருந்தோம்.

ஷாஃப்ட் கழன்ற பிறகு, உடைந்த துண்டுகளையும் வீட்டில் கிடந்த பழைய ஷாஃப்டையும் எடுத்துக்கொண்டு ஊரில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். வயதான மெக்கானிக். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, இது ஸ்லாஷருக்கான ஷாஃப்டே இல்லை."

அந்தச் சத்தத்திலிருந்து தொடங்கினார். ஸ்லாஷரின் பிளேடு கனமானது. எஞ்சின் தொடர்பை அறுத்தாலும் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் எஞ்சின்தான் விலகுகிறது. பி.டி.ஓ.வும் பின் சக்கரமும் கியர்பாக்ஸ் வழியாக ஒன்றோடொன்று இணைந்தே இருக்கின்றன. அதனால் சுற்றுகிற பிளேடு ஷாஃப்டைச் சுழற்ற, ஷாஃப்ட் கியரைச் சுழற்ற, வண்டி தானாக முன்னால் போகும். இதைத் தடுக்கத்தான் ஸ்லாஷர் ஷாஃப்டில் ஓவர் ரன்னிங் கிளட்ச் என்று ஒன்று வைக்கிறார்கள். சைக்கிளின் ஃப்ரீவீல் மாதிரி. டிராக்டர் பிளேடைச் சுற்றலாம், பிளேடு டிராக்டரைச் சுற்ற முடியாது. நான் தேய்மானம் என்று நினைத்த 'கட கட' அந்த ஃப்ரீவீலின் சத்தம். ஆறு வருடமாக எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரு பாகம் அது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஆனால் ஷாஃப்ட் விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழையதைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அடுத்து அளவு பார்க்கும் வெர்னியரை எடுத்தார். பழைய ஷாஃப்டின் கிராஸில், அதன் நுனியில் இருக்கும் பேரிங் கப்பின் விட்டம் 27 மில்லிமீட்டர், நீளம் 74.6. புதியதில் விட்டம் 22, நீளம் 54. இந்தச் சின்ன கிராஸ் நிமிடத்துக்கு 540 சுற்றில் ஏறக்குறைய 16 ஹெச்.பி. வரைக்கும் தாங்கும். 27-க்கு 74.6 அளவு கிராஸ்தான் 35 ஹெச்.பி.க்கு. எங்கள் வண்டியில் பி.டி.ஓ.வுக்கு 30 ஹெச்.பி. வருகிறது என்று வைத்துக்கொண்டாலே, ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 40 கிலோவைத் தொங்கவிட்ட அளவுக்கு முறுக்கு. புல்லுக்குள் மறைந்திருக்கும் ஒரு தேங்காயிலோ அடிக்கட்டையிலோ பிளேடு மோதினால் அந்த நொடியில் இது பல மடங்காகும். எனக்கு விற்றது மினி டிராக்டரில் மருந்தடிக்கும் பம்பை ஓட்டுகிற அளவு ஷாஃப்ட்.

"ஆறு பல், உட்காரும்" என்று கடைக்காரர் சொன்னது பொய்யும் இல்லை. 540 சுற்று பி.டி.ஓ. என்றாலே 35 மில்லிமீட்டர் விட்டத்தில் ஆறு பல் என்பது பொது அளவு. 16 ஹெச்.பி. ஷாஃப்டும் 60 ஹெச்.பி. ஷாஃப்டும் அதில் போய் உட்காரும். உட்காருவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த ஒரு விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். தயவுசெய்து நீங்கள் ஏமாறாதீர்கள்.

அதிர்வுக்கும் காரணம் கிடைத்தது. ஷாஃப்டின் நடுக்குழாய் சதுரம். வெட்டிய பையன் திரும்பச் செருகும்போது ஒரு பக்கம் திருப்பிச் செருகிவிட்டான். உள்பக்கம் இருக்கும் இரண்டு யோக்கும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஷாஃப்ட் சாய்ந்து ஓடும்போது ஒரு கிராஸ் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை வேகம் கூட்டிக் குறைக்கும். மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதைச் சரிசெய்யும். யோக் நேராக இல்லாவிட்டால் சரிசெய்வதற்குப் பதிலாக இன்னும் கூட்டிவிடும். 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று, அதாவது விநாடிக்கு 18 உதறல். அதைத்தான் 'செட் ஆயிரும்' என்றார்கள். ஸ்லாஷர் கியர்பாக்ஸின் சீல் போய் ஆயில் ஒழுகியதும் இந்த உதறலில்தான். எலுமிச்சை வடிவக் குழாயில் இந்தத் தவறு நடக்காது. சதுரக் குழாயில் நான்கு விதமாகச் செருகலாம், அதில் இரண்டு தப்பு.

இனி கழன்ற காரணம். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. உள்குழாயைத் துடைத்துப் பார்த்தால், கிரீஸ் தேய்ந்து பளபளப்பான பகுதி வெறும் மூன்று அங்குலம்தான். அவ்வளவுதான் ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தது. சமதளத்தில் அந்த மூன்று அங்குலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலைத் தாண்டும்போது ஸ்லாஷர் கீழே இறங்கியது, தூரம் கூடியது, குழாய் உருவிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. வெளிக்குழாய் மூடிக்கொண்டிருக்கும்.

மெக்கானிக் சொல்லிக்கொடுத்த முறை இது. வெட்டுவது கடையில் நடக்கவே கூடாது, உங்கள் வண்டியில் உங்கள் கருவியை மாட்டிவைத்துத்தான் வெட்ட வேண்டும். கருவியை ஏற்றி இறக்கி, இரண்டு முனையும் நேருக்கு நேர் வருகிற உயரத்தில் நிறுத்துங்கள். அங்கேதான் தூரம் மிகக் குறைவு. ஷாஃப்டின் இரண்டு பாதியையும் தனித்தனியாக இரண்டு முனையிலும் மாட்டி, பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த நிலையிலும் குழாய் அடிமுட்டாமல் ஒன்றரை அங்குலம் மிச்சம் இருக்கும்படி குறி போட்டு, இரண்டு குழாயிலும் ஒரே அளவு வெட்டுங்கள். கவரையும் அதே அளவு வெட்டி மறுபடி மாட்டுங்கள். பிசிறை அரத்தால் தேய்த்து கிரீஸ் தடவுங்கள். அப்புறம் கருவியை முழுக்க ஏற்றியும் முழுக்க இறக்கியும் பாருங்கள். எங்கே தூரம் மிக அதிகமோ, அங்கேயும் குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஷாஃப்ட் உங்களுக்குக் குட்டை, வேறு வாங்குங்கள். நீளமாக விட்டாலும் ஆபத்துதான், அடிமுட்டி கியர்பாக்ஸ் பேரிங்கை உடைக்கும்.

ஷியர் போல்ட்டையும் பார்த்தார். தலையில் 12.9 என்று இருந்தது. அது போல்ட்டின் வலுவைச் சொல்லும் கிரேடு, எண் கூடினால் வலு கூடும். பழையதில் இருந்தது 8.8. மோதல் வந்தால் முதலில் அறுபட வேண்டியது அந்த போல்ட். அது அறுபடாத அளவு வலுவாக இருந்தால், அறுபடுவது கியர் பல்லாக இருக்கும். கருவிக் கம்பெனி சொன்ன அளவு, சொன்ன கிரேடு, அதைத்தான் போட வேண்டும். நான்கைந்து வாங்கி டூல் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கவரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள யோக் விநாடிக்கு 9 சுற்று சுற்றினால், அந்த ஒரு விநாடியில் இரண்டு மீட்டருக்கு மேல் துணியைச் சுற்றிக்கொள்ளும். நாலு முழ வேட்டி முழுதும் ஒரு விநாடிக்குள் உள்ளே போய்விடும். கை எடுக்க நேரம் இருக்காது. தோப்பில் வேலைக்கு வருகிற பெண்கள் சேலை கட்டியிருக்கிறார்கள், துண்டு போட்டிருக்கிறார்கள். கவரைக் கழற்றிப் போட்ட அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "ஓட்டத் தெரியாம ஓட்டி உடைச்சிட்டு வந்தா நாங்க என்னங்க பண்ண முடியும்?" என்றார். அளவைச் சொன்னேன், வெட்டியதைச் சொன்னேன். "எங்க பில்லைக் காட்டுங்க" என்றார். எஸ்டிமேட் சீட்டில் கடை பெயரே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஷாஃப்ட் 5,200, கியர்பாக்ஸ் சீல், பேரிங், லிங்க் நிமிர்த்தியது, பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குப் பக்கம். இரண்டு வாரம் புல் இடுப்பளவு வளர்ந்தது தனி.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிய கருவி என்பதால் விவசாயியும் நுகர்வோர்தான். பில் இல்லை என்றாலும், பணத்தை போன் வழியாக அனுப்பியதால் அந்தக் கணக்கு இருக்கிறது. உடைந்த துண்டுகளை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். துண்டுகளையும் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது ஸ்லாஷர் கம்பெனியின் டீலரிடமே, மாடல் எண்ணைச் சொல்லி, ஃப்ரீவீலோடு கவரோடு வாங்கி மாட்டியிருக்கிறோம். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜி.எஸ்.டி. பில்லில் கிராஸ் அளவையும் எழுதி வாங்கினேன்.

இந்த சீசனில் யாராவது கடையில் வெட்டிக் கொடுத்த ஷாஃப்டை வாங்கி மாட்டியிருந்தால், நாளைக் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் ஷாஃப்டை இரண்டாக உருவிப் பாருங்கள். உள்குழாயில் பளபளப்பு எத்தனை அங்குலம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.