புத்தகம் போடப் பணம் கட்டும் முன் படியுங்கள்: என் துப்பறியும் நாவலுக்கு நடந்தது

கடலூர், புதுச்சேரி பக்கம் முதல் புத்தகம் போடப் போகிறவர்கள், பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புதுச்சேரியில் இருக்கும் ஒரு பதிப்பகம் 'எழுத்தாளர் பேக்கேஜ்' என்று சொல்லி என்னிடம் 42,000 ரூபாய் வாங்கியது. எடிட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான 13 இலக்க அடையாள எண்), 300 பிரதி, ஆன்லைன் விற்பனை எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயர் எழுதவில்லை.

நாவல் கேசினோவில் நடக்கும் கதை. நம் பக்கம் கேசினோ கிடையாது, கோவாவுக்கோ சிக்கிமுக்கோ போனால்தான் உண்டு. என் கதாநாயகி தேவனாம்பட்டினத்துப் பெண். பணாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோ கப்பலில், சிப்பை (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) வாங்கிக்கொண்டு பணம் எண்ணிக் கொடுக்கும் கவுன்ட்டரில் வேலை. வெட்டுக்குத்து, ரத்தம் எதுவும் இல்லை. பெரிய மதிப்புள்ள சிப்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகின்றன. பழி கப்பல் சமையல்காரர் மேல் விழுகிறது. நம் ஊர் மீன் குழம்பு வைத்துக் கொடுத்த மனிதரை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இவளே துப்பறியக் கிளம்புகிறாள். சிரித்துக்கொண்டே படிக்கிற மாதிரி எழுதினேன். கேசினோ விவரமெல்லாம் கோவாவில் டீலராக, அதாவது கேசினோ மேஜையில் ஆட்டத்தை நடத்துபவராக இருந்த என் சித்தி மகன் சொன்னது.

அவன் சொன்னதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. டீலர் மேஜையை விட்டு நகரும்போது இரண்டு கைகளையும் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் கேமராவுக்குத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். சிப் எதையும் கையில் மறைக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. என் மூன்றாம் அத்தியாயத்தில் ஒருவர் கையைத் தட்டுகிறார், ஆனால் விரித்துக் காட்டாமல் போய்விடுகிறார். படிப்பவர் கவனிக்காமல் தாண்டிப் போகும்படி ஒரே வரியில் வைத்திருந்தேன். கடைசியில் கதாநாயகி அதை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறாள்.

அந்த வரியை எடிட்டிங்கில் தூக்கிவிட்டார்கள். மெய்ப்பு (அச்சுக்கு முன் திருத்திப் பார்க்கும் பிரதி) என் கண்ணுக்கே வரவில்லை, அச்சான புத்தகத்தில்தான் பார்த்தேன். போன் செய்து கேட்டால், "தேவையில்லாத வர்ணனை மேடம், கதை ஓட்டத்தைத் தடுக்குது" என்றார் அங்கிருந்தவர். மூன்றாம் அத்தியாயத்தில் இல்லாத ஒரு விஷயத்தைக் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி நினைவுபடுத்திப் பேசுகிறாள். படித்தவர்கள் எல்லாரும் முன்னால் புரட்டித் தேடியிருக்கிறார்கள். துப்பு எல்லாம் வாசகர் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வகைக் கதையின் நேர்மை. அதையே உருவி எடுத்த பிறகு கதையில் என்ன மிஞ்சும்?

பின்னட்டை இன்னும் மோசம். கதைச் சுருக்கம் எழுதியவர் முழுக் கதையையும் சொல்லி, திருடன் பெயரையும் போட்டுவிட்டார். என் அத்தை புத்தகத்தைக் கையில் வாங்கினார், திருப்பினார், படித்தார். "ஏண்டி, அப்போ இவன்தான் எடுத்தானா?" என்றார். அதற்குமேல் நான் என்னத்தைச் சொல்வது? முன்னட்டையில் இரட்டைச் சைபர் போட்ட ரூலெட் சக்கரம் (எண் போட்ட குழியில் பந்து விழும் சூதாட்டச் சக்கரம்). அது 38 குழி உள்ள அமெரிக்கச் சக்கரம். என் கதையில் வருவது ஒற்றைச் சைபரும் 37 குழியும் உள்ளது. கதாநாயகி ஓர் இடத்தில் அந்த 37-ஐ வைத்துத்தான் கணக்குப் போடுகிறாள்.

இதையெல்லாம் கவனக்குறைவு என்று விட்டிருக்கலாம். பிரதிகள் விஷயம் அப்படி இல்லை. என் கைக்கு வந்தது 25. மீதி 275-ம் குடோனில் இருக்கிறது, ஆர்டர் வர வர அனுப்புகிறோம் என்றார்கள். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் தோழி ஒருத்தி ஆன்லைனில் வாங்கிய பிரதியையும் என்னிடம் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையது மஞ்சள் சாயல் உள்ள தாள், அவளுடையது பளிச்சென்று வெள்ளையான மேப்லித்தோ அச்சுத் தாள். உயரத்தில் ஒரு நூலிழை வித்தியாசம். முதுகில் தலைப்பு அவள் பிரதியில் ஓரத்துக்கு நகர்ந்து, முதல் எழுத்து அட்டைப் பக்கம் மடங்கியிருந்தது. 300 பிரதியும் ஒரே ஓட்டத்தில் அடித்திருந்தால் தாளும் வெட்டும் மாறாது. ஆர்டர் வந்தால் மட்டும் ஒன்றிரண்டு டிஜிட்டலில் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த முறையில் தப்பே இல்லை, நிறையப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். 300 அச்சடித்ததாகப் பணம் வாங்கியதுதான் மோசடி. அச்சக பில்லைக் காட்டுங்கள் என்றேன். அன்றோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் ஐஎஸ்பிஎன். பின்னட்டையில் பார்கோடு இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தது. புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துக்கு அடிக்கடி போய்வரும் இன்னொரு தோழிதான் அதைச் சுட்டிக்காட்டினாள். இந்த எண்ணைச் சரிபார்க்க ஒரு சுலபக் கணக்கு இருக்கிறது. 13 இலக்கங்களையும் இடமிருந்து மாறி மாறி 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால், வரும் தொகை 10-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். என் புத்தகத்தின் எண் வகுபடவில்லை. அதாவது அந்த எண் செல்லாது. இதற்கு மட்டும் 3,500 ரூபாய் தனியாக ரசீதில் இருக்கிறது. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜாராம் மோகன்ராய் தேசிய முகமைக்கு ஆன்லைனில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம்.

புத்தகத்தை நிறுத்துங்கள், வேறு இடத்தில் திருத்திப் போட்டுக்கொள்கிறேன் என்று மெயில் அனுப்பினேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது, உரிமை ஐந்து வருஷத்துக்கு அவர்களுடையதாம். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் உரிமை கைமாறாது. கதை என்னுடையதுதான். இப்படி மிரட்டினால் பயந்துவிடாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்த பிறகும் பதிப்பகம் அசையவில்லை. அதனால் மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், அதனால் கடலூரிலேயே கொடுத்தேன். நாம் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை வந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகாரைக் கொடுத்துவிட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, தாள் வேறாக இருக்கும் இரண்டு பிரதிகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

பேக்கேஜ் பேசும் யாரிடமும் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். எத்தனை பிரதி, எந்த அச்சகம், மெய்ப்பை நீங்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அச்சு என்ற உறுதி. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மர்மக் கதை எழுதுபவர்கள் பின்னட்டை வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள், ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

திருத்திய பதிப்புக்குக் கடலூரிலேயே ஓர் அச்சகத்தில் பேசியிருக்கிறேன், மூன்றாம் அத்தியாயத்தில் அந்த வரி திரும்ப வந்துவிட்டது. பழைய பிரதி வாங்கியவர்கள் தயவுசெய்து திருடன் யார் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள். பணம் இதுவரை வரவில்லை. ஆணையம் என்ன சொல்கிறது என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.